சிறிய எழுத்தில் வெப்பம்

பள்ளிமுனை, மன்னார்
09.01.2011

அன்பின் மச்சானுக்கு,

இக்கடிதத்தில் வருபவை:

1. சுகச் செய்தி
2. உங்கள் நூலின் தலைப்பு
3. கலைச்சொற்கள்
4. நான்காம் அத்தியாயம்
5. ஒரு சிறு விடயம் (எழுதுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை)

1. நாங்கள் இருவரும் சுகம். மழைக்கு எனக்கு மூச்சு கொஞ்சம் இழுக்கிறது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடம்பன் காணியில் இன்னும் மிதிவெடி அகற்றுகிறார்கள். அதுவரை இங்கே வாடகைக்கு இருக்கிறோம். உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக இராசேஸ்வரி சொன்னாள். உங்கள் கடிதங்களை அவள்தான் முதலில் உடைப்பாள். அண்ணனின் எழுத்தை வாசிக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடிகூட வேண்டாம். நான் வந்து கேட்கும்போது அவள் சிரித்து முடித்திருப்பாள். எனக்கு மிஞ்சுவது செய்தி மட்டும்.

2. கையெழுத்துப் பிரதியின் முற்பகுதி பத்திரமாக வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் இரண்டு தரம் வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த ஒருவர் எங்கள் உயர்தர மாணவருக்காகத் தமிழில் நூல் எழுதுவது பெரிய காரியம். அதன் தமிழைத் திருத்த ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் ஒருவனைக் கேட்டது உங்கள் பெருந்தன்மை.

தலைப்பு "உறைந்த வாயுக்களில் வெப்பக் கடத்தல்." பிழை இல்லை. ஆனால் முதற்பக்கத்தைப் பிரதி எடுக்கச் சனூனின் கடைக்குப் போனபோது அவன் அதை உரக்க வாசித்தான். "என்ன சேர், வாயுவுக்கு மருந்தோ?" என்றான். பிறகு மிச்சத்தையும் பார்த்துவிட்டு, "கடத்தலோ! எந்தக் கரைக்கு? இராமேஸ்வரத்துக்கெண்டா எனக்கும் வள்ளத்தில ஒரு இடம் வையுங்கோ" என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவ்விடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்கள் முந்திக்கொள்கின்றன. என்னோடு வந்த இராசேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மழைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லைப் போலும்.

3. "படிகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியப் பாடநூல்களில் வருவது. நம் பிள்ளைகளுக்கு அது "பளிங்கு". "ஆர்கான்" நமக்கு "ஆகன்". "நைட்ரஜன்" நமக்கு "நைதரசன்". இப்படி இருபத்தேழு இடங்கள். தனித்தாளில் பட்டியல் வைத்திருக்கிறேன்.

4. நான்காம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது. (இந்த வசனத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.) 61ஆம் பக்கத்தில், குளிரக் குளிரத் திண்ம ஆகன் வெப்பத்தை மேலும் நன்றாகக் கடத்தும் என்று நிறுத்தியிருக்கிறீர்கள். ஏறத்தாழ எட்டுக் கெல்வின் வரைதான் அப்படி. அங்கே ஓர் உச்சம். அதற்குக் கீழே கடத்தும் திறன், நம் பாடநூலில் கடத்தாறு, விழுந்துவிடும். அடுத்த பக்கத்தில் நீங்களே அதைச் சொல்கிறீர்கள். ஆனாலும் பக்கத்தைப் புரட்டாத மாணவரும் உண்டு.

5. இம்முறை வேண்டாம்.

இராசேஸ்வரி உங்கள் வீட்டில் எல்லாரையும் விசாரிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
சி. சிவசுப்பிரமணியம்


லீட்ஸ்
02.02.2011

அன்பின் மச்சான் சிவசு,

முழங்கால் இப்போது சொன்னபடி கேட்கிறது. படியில் இறங்கும்போது மட்டும் முறைக்கிறது. உமக்கு மூச்சு இழுக்கிறதென்றால் மருந்தை ஒழுங்காக இழும். ராசேசு, நீதான் முதலில் வாசிக்கிறாய் என்று தெரியும், இவரைக் கவனி.

உம்முடைய கடிதத்தை வாசிக்கும்போது என்னை அறியாமலே முதுகை நிமிர்த்திக்கொண்டேன். வகுப்பில் இருக்கிற மாதிரி! இருபத்தேழு பிழையையும் திருத்திவிட்டேன், வாத்தியார். பளிங்கு, ஆகன், நைதரசன், எல்லாம் நீர் சொன்னபடி.

61ஆம் பக்கத்துக்கு ஓர் உவமை யோசித்தேன். சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் சனம் நிற்கிறது. ஒருவரும் நேரே நடக்க முடியாது, ஆளை ஆள் இடிக்கும். பளிங்குக்குள் வெப்பத்தைக் காவிச் செல்லும் அதிர்வுகளும் அப்படித்தான். குளிர்ந்தால் கூட்டம் கலைகிறது. மிஞ்சினவர்கள் மதிலில் போய் முட்டும்வரை நேரே ஓடலாம். அதனால்தான் கடத்தாறு கூடுகிறது. இன்னும் குளிர்ந்தால்? பாதை முழுக்க வெறுமை, ஆனால் ஓடுவதற்கு ஆள் இல்லை. உச்சம் முடிந்தது. எப்படி?

நூலை எழுத எழுத, இங்கே பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் ஆராய்ச்சி செய்த அந்த நிலக்கீழ் அறைதான் ஞாபகம் வருகிறது. எதற்கும் பெயர் எழுதி ஒட்டுவீர். அதுவும் தமிழில். அதுவும் நூலகப் பட்டியல் மாதிரி, தலைச்சொல்லைப் பெரிதாக முதலில் போட்டு, விவரத்தைப் பின்னால் சிறிதாக: "தேநீர் — சீனி இல்லாதது." உம்முடைய போத்தலை நான் ஒருநாளும் மாறிக் குடித்ததில்லை.

அதுசரி, ஐந்தாவது என்னடாப்பா? அறுபத்தெட்டு வயதில் என்ன இரகசியம்? இரண்டாம் கலியாணம் ஏதும் பேசி வந்திருக்கிறதோ? வெட்கப்படாமல் எழுதும்.

உம்முடைய மச்சான்,
சீவரத்தினம்


பள்ளிமுனை
24.02.2011

அன்பின் மச்சானுக்கு,

இரண்டாம் கலியாணம் பற்றிய வரியை இராசேஸ்வரி பக்கத்து வீட்டுக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. உவமை நன்று. எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்காது.

இம்முறை ஒரே ஒரு விடயம். முன்னைய கடிதத்தின் ஐந்தாவது.

(அ) 1976 கார்த்திகை. ஆகனை நான் அளந்துகொண்டிருந்தேன், நீங்கள் அடுத்த மேசையில் நைதரசனை. எதிர்பார்த்த உச்சம் ஆகனில் வரவில்லை. மூன்று தரம் அளந்தும் மூன்றில் ஒரு பங்குதான். வாயுவில் ஒட்சிசன் கலந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள்.

(ஆ) நான் குழாயின் பக்கத்துத் துளை வழியே பார்த்தேன். உறைந்தபோது கண்ணாடி போலத் தெளிவாக இருந்த ஆகன், குளிர்ந்துகொண்டு போகையில் வெள்ளை விழுந்து பால் நிறமாயிற்று. ஆகன் குளிரில் நன்றாகச் சுருங்கும். குழாயோடு ஒட்டியபடி சுருங்கினால் வெடிக்கும். விரிசல் ஒவ்வொன்றும் ஒரு மதில். வெப்பம் அதில் முட்டித் திரும்புகிறது. மணிக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் மெதுவாக வளர்த்து, மெதுவாகவே குளிராக்கினால் விரிசல் வராது. இதை உங்களிடம் சொன்னேன். அன்றே கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்.

(இ) 1977 தையில் என்னைப் பெற்ற ஐயா காலமானார். அளவீடுகளை முடிக்காமல் ஊருக்கு வந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன்.

(ஈ) 1979இல் உங்கள் கட்டுரை வந்தது. மெதுவாக வளர்த்த ஆகன் பளிங்கு, மூன்று மடங்கு உச்சம். அதைக் கொழும்பில் ஒரு நூலகத்தில் நின்றபடியே வாசித்து முடித்தேன். பக்கத்தில் கதிரை இருந்தது.

(உ) இப்போது உங்கள் நூலின் 66ஆம் பக்கம்: "விரிசல்களே காரணம் என எனக்குத் தோன்றியது." அந்த "எனக்கு" என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். இலக்கணத்தில் பிழை இல்லை.

என் நினைவு பிழையாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
சி. சிவசுப்பிரமணியம்


லீட்ஸ்
20.03.2011

அன்பின் சிவசு,

எல்லாரும் சுகம். உடனே எழுதாததற்கு மன்னியும். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

முப்பத்தைந்து வருடம் மனதுக்குள் வைத்திருந்துவிட்டு (அ), (ஆ) என்று போட்டு அனுப்பியிருக்கிறீர். நேரே வந்து சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விரிசல் என்ற சொல்லை முதலில் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக. சன்னல் இல்லாத அறையில் இரண்டு பேர் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருந்தோம். ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கிறது. அந்தப் பளிங்கை வளர்க்கப் பதினான்கு மாதம் குழாய்க்குப் பக்கத்தில் காவல் இருந்தவன் நான். ஒன்பது பளிங்கு வெடித்தது. பத்தாவதுதான் நின்றது. "மெதுவாக வளர்த்தால் சரி" என்று கொப்பியில் எழுதுவது ஒரு பின்னேர வேலை.

கோபத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும், கிழிக்கமாட்டேன், இது ஐந்தாவது தாள்.

நான் கஞ்சன் இல்லை, மச்சான். திகதி போட்டு எழுதிய பக்கம் இருக்கிறதென்றால் சனூனின் கடையில் அதைப் பிரதி எடுத்து அனுப்பும். "எனக்கு" என்பதை "சிவசுப்பிரமணியத்துக்கு" என்று அன்றைக்கே மாற்றுகிறேன். நூல் ஆவணியில் அச்சுக்குப் போகிறது.

சீவரத்தினம்


பள்ளிமுனை
03.04.2011

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் சுகம்.

பிரதி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்று விடயங்கள் உறுதியாகத் தெரியும்.

1. விரிசல் பற்றிய எண்ணம் என்னுடையது.

2. கொப்பி உங்களிடம் இருக்கிறது. 1990 சித்திரையில், சண்டை ஓய்ந்திருந்த அந்தக் கொஞ்ச நாளில், அடம்பனுக்கு வந்தீர்கள். கொப்பியைப் பார்க்கவேண்டும் என்றீர்கள். நானே அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தேன். இரண்டு நாள் கட்டிலில் படுத்திருந்து வாசித்தீர்கள். ஆடியில் நாங்கள் இடம்பெயரும்போது தேடினேன், அது இருக்கவில்லை. உங்களைத் தவிர அதை வேண்டியவர் வேறு யாரும் இல்லை.

3. அதுவரைக்கும் உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கொப்பி போன பிறகுதான் மனம் கசந்தது.

 எழுத்து விளங்காவிட்டால் மன்னிக்கவும்.

சி. சிவசுப்பிரமணியம்


லீட்ஸ்
09.06.2011

திரு. சி. சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு,

நீங்களும் இராசேஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கொப்பியை நான் எடுக்கவில்லை. நான் புறப்பட்ட காலையில் இராசேஸ்வரிதான் அதை என் கையிலிருந்து வாங்கி அலுமாரியில் வைத்தாள். அவளைக் கேளுங்கள்.

எஞ்சிய அத்தியாயங்களை அனுப்பி உங்களை மேலும் சிரமப்படுத்தமாட்டேன். தமிழைப் பார்க்கக் கொழும்பில் ஒருவர் கிடைத்திருக்கிறார். இதுவரை நீங்கள் செய்த திருத்தங்களுக்கு நன்றி.

இங்ஙனம்,
ஆ. சீவரத்தினம்


பள்ளிமுனை
27.06.2011

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகம்தானே? இதைச் சனூனின் கடையில் இருந்து எழுதுகிறேன். பதிலையும் இந்தக் கடை விலாசத்துக்கே போடுங்கள். சனூன் என்ன ஏது என்று கேட்கமாட்டான்.

ஒருநாளும் இல்லாமல் நீங்கள் இவருக்கு "நீர்" என்பதை விட்டு "நீங்கள்" என்று எழுதியதை நான்தான் முதலில் பார்த்தேன். இவரும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்ர அண்ணன் கடைசியில எனக்கு மரியாதை தந்திட்டார்" என்றார். பிறகு, "கொப்பியை நீயோ வாங்கி வைச்சனீ?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

அண்ணை, ஞாபகம் இருக்கிறது. நீங்கள் தந்த கொப்பியை அலுமாரியில் வைத்தது நான். அதை எரித்ததும் நான்.

நாங்கள் இடம்பெயர்ந்த அந்த ஆடியில் ஒருநாள் காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். இவரையும்தான். வீடு வீடாகச் சோதனை. பக்கத்து வீட்டுப் பூமணியக்கா வேலிக்கு ஓடி வந்தா. "பிள்ளை, எழுத்துக் கிடக்கிற எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கிறாங்கள். தமிழ் வாசிக்கிற ஒருத்தனும் கூட நிக்கிறான். என்ர மகளின்ர கலியாணத்துக்கு ஆர் ஆருக்குச் சொல்லுறதெண்டு எழுதி வைச்ச பேரை எல்லாம் வைச்சு அரை மணித்தியாலம் விசாரிச்சிட்டாங்கள்" என்றா.

நான் அலுமாரியைத் திறந்தேன். மேலே கொப்பி கிடந்தது. மட்டையில் கொட்டை எழுத்தில் "கடத்தல்". கீழே இரண்டு கோடு. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "வெப்பம், திண்ம ஆகன்". இவருடைய எழுத்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே. உள்ளே திறந்தால் ஒரு குழாய்ப் படம், குழாய்க்குள் போகிற வயர், பக்கம் பக்கமாக மணி, நிமிசம். இவர் படிப்பித்த பிள்ளைகளுக்கு அது பாடம். துவக்கோடு வாசலில் நிற்கிறவனுக்கு அது என்ன? ஆளும் அவர்களுடைய கையில் இருக்கிறார்.

அடுப்பில் வைத்தேன். அவ்வளவு தடித்த கொப்பி உடனே பிடிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டேன். மேலே கஞ்சிப் பானையை ஏற்றினேன். அவர்கள் வந்தார்கள். குசினியை எட்டிப் பார்த்தார்கள். அலுமாரியைத் திறக்கவே இல்லை, அண்ணை. போய்விட்டார்கள்.

பின்னேரம் இவர் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தார். அடுத்த நாள் விடியக் கிளம்பவேண்டும். எதை எடுத்தாரோ இல்லையோ, கொப்பியைத்தான் தேடினார்.  நான் வாய் திறக்க முந்தியே, "அப்ப உன்ர அண்ணன்தான் கொண்டு போயிருக்கிறார்" என்றார்.  அன்றைக்குப் பேசாமல் நின்றதுதான் இத்தனை வருடமாகிவிட்டது.

இவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் மறைக்கவும் ஏலவில்லை. நீங்கள் என்ன செய்தாலும் சரி.

தங்கச்சி,
இராசேஸ்வரி


லீட்ஸ்
11.07.2011

ராசேசு,

அழாதே. அவரை உயிரோடு வைத்திருந்தது நீ. கொப்பி என்ன பெரிய கொப்பி. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் அலுமாரியையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பேன்.

நீ ஒன்றும் சொல்லாதே. இத்தனை வருடம் என்னைக் கள்ளன் என்று நினைத்தவர். இன்னும் கொஞ்ச நாள் நினைக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னுடைய சீனி வருத்தத்துக்கு மருந்தை விடாதே.

அண்ணை


லீட்ஸ்
15.07.2011

அன்பின் மச்சான் சிவசு,

சுகம் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன்: மூச்சு எப்படி?

போன கடிதத்தில் பொய் எழுதிவிட்டேன். கொப்பியை நான்தான் எடுத்தேன். வாசித்து முடிக்க நேரம் போதவில்லை என்று பையில் வைத்தேன். திருப்பி அனுப்பலாம் என்றிருந்தபோது சண்டை தொடங்கிவிட்டது. பிறகு வீடு மாறியதில் எங்கோ தவறிவிட்டது. கேட்டபோது வெட்கத்தில் மறைத்தேன். ராசேசுவின் தலையில் போட்டது அதைவிடப் பெரிய பிழை. அவளை ஒன்றும் கேளாதேயும்.

66ஆம் பக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கும்: "விரிசல்களே காரணம் என்பதை முதலில் கண்டவர் சி. சிவசுப்பிரமணியம்."

கொழும்பில் தமிழ் பார்க்கிறவர் "பளிங்கு" முழுவதையும் மறுபடி "படிகம்" ஆக்கிவிட்டார். நீர்தான் வேண்டும். மீதி அத்தியாயங்கள் இத்துடன் வருகின்றன. மன்னித்தால் திருத்தி அனுப்பும். மன்னிக்காவிட்டாலும் திருத்தி அனுப்பும்.

சீவரத்தினம்


அடம்பன்
14.08.2011

அன்பின் மச்சானுக்கு,

காணியை விட்டுவிட்டார்கள். தகரக் கூரை போட்டு இருபது நாளாகிறது. மூச்சு பரவாயில்லை. இராசேஸ்வரி சுகம். அத்தியாயங்களைத் திருத்தித் தனியாக அனுப்பியிருக்கிறேன். பளிங்கு இனிப் பளிங்காகவே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு உண்டான சந்தோசத்தை மறைக்காமல் எழுதுகிறேன். வழக்கம்போல இராசேஸ்வரிதான் முதலில் வாசித்தாள். சிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன். பிறகு அவளுக்கே அதை உரத்து வாசித்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தியோ? கொண்ணர் தன்ர வாயால ஒத்துக்கொண்டிட்டார்" என்றேன். அவள் அடுத்த மீனை எடுத்தாள். இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் "நான்தான் எடுத்தேன்" என்ற இடத்துக்கு வந்தபோது கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிப்பாட்டுங்கோ. அவர் எடுக்கேல்லை. நான்தான் எரிச்சனான்."

எப்போது, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். உங்களுக்கு எழுதியதையும் சொன்னாள். கை முழுக்க மீன் செதிலோடு ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னோட ஆயுசுக்கும் கோவமா இருந்திருப்பியள். நான் ஒரு வீட்டுக்குள்ள உங்களோட இருக்கோணும். அண்ணை தூரத்தில இருக்கிறார், தாங்குவார் எண்டு நினைச்சன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அவரைக் குறை நினைச்சிருக்கமாட்டன்."

"சொல்ல விட்டியளே?" என்றாள். "கொப்பியைக் காணேல்லை எண்டு தெரிஞ்ச நிமிசமே அண்ணையின்ர பேரைச் சொன்னியள். அவர்தான் எடுத்திருக்கோணும் எண்டு உங்களுக்கு விருப்பமாக் கிடந்தது. முகத்தைப் பாத்தனே நான்."

பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு மீனை அடுப்பில் வைத்தாள். அன்று இருவரும் சாப்பிட்டோம். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளில் எனக்குக் கோபம் வரும் என்று இருபது நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வரவில்லை. மட்டையில் "கடத்தல்" என்பதைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எழுதியவன் நான்.

உங்களில்தான் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது. செய்யாத களவை ஏற்றுக்கொண்டு எழுதினீர்களே, அதை வாசித்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதிலும் என்னை முந்திவிட்டார் என்று. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. என்னைப் போன்ற ஆளுக்கு நீங்கள் மச்சானாக வந்தது யாருடைய பிழையும் இல்லை.

இனி, சித்திரையில் நான் உறுதியாகத் தெரியும் என்று எழுதிய மூன்று விடயங்கள்.

முதலாவது. விரிசல் பற்றிய எண்ணம் என்னுடையது என்றே இன்றும் நினைக்கிறேன். சாட்சி அடுப்புச் சாம்பலாகிவிட்டது. 66ஆம் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். மூன்று தரம் முயன்றும் பேனை போகவில்லை. ஆகவே இருக்கட்டும். ஆனால் அடுத்த வரியாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஒன்பது பளிங்குகள் வெடித்தபின் பத்தாவதை வளர்த்து அதை நிறுவியவர் ஆ. சீவரத்தினம்." மெதுவாக வளர்க்கவேண்டும் என்று எழுதியவன் நான். மெதுவாக வளர்த்தவர் நீங்கள். இரண்டும் ஒரே அளவு வேலை என்று முப்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது. கொப்பி உங்களிடம் என்றது பிழை என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு நான் கேட்கும் மன்னிப்பை இந்தத் தாளில் எழுதினால் சிறிதாகத் தெரிகிறது. நேரில் வாருங்கள். அப்போது நீங்கள் என் சட்டையைப் பிடிக்கலாம். இராசேஸ்வரி உங்களைக் கேட்டபடி இருக்கிறாள்.

மூன்றாவது. கொப்பி போகும்வரைக்கும் உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்று எழுதினேன். இராசேஸ்வரி சொன்ன பிறகு அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மைதானத்திலிருந்து வந்து அலுமாரியைத் திறந்தேன். கொப்பி இல்லை. விடிந்தால் வீட்டை விட்டுப் போகவேண்டும். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல. உங்கள் கட்டுரை வந்த நாளிலிருந்து பதினொரு வருடமாக உங்களில் பிழை பிடிக்க ஒன்றும் அகப்படாமல் இருந்தவனுக்கு, ஒன்று அகப்பட்ட ஆறுதல். ஆகவே மூன்றாவது விடயமும் பிழை.

சிவசு